ஆறு தளபதிகள், ஒரே வாக்கு: கி.மு. 406-இல் ஏதென்ஸ் மக்கள் சபை

கி.மு. 406 இலையுதிர் காலத்தில் ஏதென்ஸ் நகரின் மக்கள் சபை ஒரே வாக்கெடுப்பில் எட்டுத் தளபதிகளுக்கு மரண தண்டனை விதித்தது. இருவர் ஊருக்குத் திரும்பாமலே தப்பிவிட்டார்கள். மற்ற ஆறு பேரும் கொல்லப்பட்டார்கள். சில மாதங்களுக்கு முன்புதான் இவர்கள் ஆர்கினுசே தீவுகளை ஒட்டிய கடலில் ஸ்பார்ட்டாவின் கப்பற்படையைத் தோற்கடித்து நகரைக் காப்பாற்றியிருந்தார்கள்.

மக்கள் கையில் அதிகாரம் போனால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்றாக இந்த வழக்கைப் பலர் எடுத்துக்காட்டுவதுண்டு. கூட்டம் வெறிகொண்டது, கொன்றது, பிறகு அழுதது என்று கதை முடிந்துவிடும். வழக்கின் விவரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. அவசரத்தைத் தடுப்பதற்கென்றே ஏதென்ஸ் அரசமைப்பில் பல தடைகள் இருந்தன. அன்று அவை அத்தனையும் கையெட்டும் தூரத்தில் இருந்தன. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் பயன்படுத்தவும் முயன்றார். எந்த இடத்தில், எப்படி அவை வழிவிட்டன என்பதுதான் இந்த வழக்கில் கற்க வேண்டியது. அதற்கு முதலில் அந்தத் தடைகள் எப்படி வந்தன என்று பார்த்தாக வேண்டும்.

கடன் கல்லிலிருந்து மக்கள் சபை வரை

கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸை ஆண்டவை சில பெரிய குடும்பங்கள். ஆண்டுக்கு ஒன்பது ஆர்க்கன்கள், அதாவது உயர் ஆட்சி அதிகாரிகள், பதவி வகிப்பார்கள். பதவி முடிந்ததும் ஆரியோபாகஸ் என்ற குன்றில் கூடும் மூத்தோர் அவையில் ஆயுள் உறுப்பினர் ஆவார்கள். சட்டம் எழுதப்பட்டிருக்கவில்லை. சுமார் கி.மு. 621-இல் டிராகோ அதை எழுதிவைத்தார். தண்டனைகளின் கடுமைக்காகவே அவர் பெயர் இன்றும் நினைக்கப்படுகிறது.

அடிப்படைச் சிக்கல் நிலத்தில் இருந்தது. கடன்பட்ட உழவர் நிலத்தில் கடன் கல் நடப்படும். கடனைத் திருப்ப முடியாதவர் குடும்பத்தோடு அடிமையாக விற்கப்படலாம். கி.மு. 594-இல் ஆர்க்கனாக வந்த சோலோன் அந்தக் கற்களைப் பிடுங்கினார்; உடலை அடகு வைத்துக் கடன் வாங்குவதைத் தடை செய்தார்; வெளிநாட்டுக்கு விற்கப்பட்டவர்கள் சிலரை மீட்டும் கொண்டுவந்தார். பதவிக்கான தகுதியைப் பிறப்பிலிருந்து விளைச்சலுக்கு மாற்றி, குடிமக்களை நான்கு வகுப்பாகப் பிரித்தார். பின்னாளில் இதையெல்லாம் விட ஆழமாக வேலை செய்தது அவருடைய இன்னொரு விதி: அநியாயம் யாருக்கு நடந்தாலும், எந்தக் குடிமகனும் வழக்குத் தொடுக்கலாம். அதிகாரியின் தீர்ப்பை எதிர்த்து மக்கள் மன்றத்தில் முறையிடவும் வழி பிறந்தது.

இடையில் பைசிஸ்ட்ரேடஸும் அவர் மகன்களும் சர்வாதிகாரிகளாக ஆண்டார்கள். கி.மு. 510-இல் ஸ்பார்ட்டாவின் உதவியோடு மகன் ஹிப்பியாஸ் விரட்டப்பட்டான். அடுத்த ஈராண்டில் நடந்த மோதலில் இசாகோரஸ் என்ற பிரபு ஸ்பார்ட்டா மன்னனை அழைத்துவந்து 700 குடும்பங்களை நாடுகடத்தினார். ஊர் மக்கள் எழுந்து இசாகோரஸையும் ஸ்பார்ட்டாக்காரர்களையும் அக்ரோபோலிஸ் என்ற குன்றுக் கோட்டையில் இரண்டு நாள் முற்றுகையிட்டார்கள். மூன்றாம் நாள் ஸ்பார்ட்டாக்காரர்கள் உடன்படிக்கை செய்துகொண்டு வெளியேறினார்கள். அதன் பிறகுதான் இசாகோரஸின் எதிராளியான கிளைஸ்தனிஸ் தன் சீர்திருத்தத்தைச் செய்தார்.

அந்தச் சீர்திருத்தத்தின் கூர்மையை ஒரு குலத்தை மட்டும் எடுத்துப் பார்த்தாலே புரியும். ஏதென்ஸும் அதைச் சுற்றிய நிலப்பகுதியும் சேர்ந்த அட்டிக்கா முழுவதும் 139 ஊர்ப்பிரிவுகளாகவும், அவை 10 புதிய குலங்களாகவும் சேர்க்கப்பட்டன. ஒவ்வொரு குலத்திலும் நகரப் பகுதியிலிருந்து ஒரு துண்டு, கடற்கரையிலிருந்து ஒரு துண்டு, உள்நாட்டிலிருந்து ஒரு துண்டு. அன்டியோகிஸ் குலத்தில் நகர மதிலை ஒட்டிய அலோபெக்கே, தெற்குக் கடலோரத்து அனாஃப்ளிஸ்டோஸ், உள்நாட்டுப் பல்லேனே எல்லாம் இருந்தன. ஒன்றுக்கொன்று தொலைவிலிருந்த ஊர்க்காரர்கள் ஒரே படையணியில் போரிட்டார்கள். ஆண்டில் பத்தில் ஒரு பங்கு காலம் ஒரே வட்ட மண்டபத்தில் சேர்ந்து சாப்பிட்டு ஆட்சி நடத்தினார்கள். ஒரு பெருங்குடும்பம் தன் வட்டாரத்தை வைத்து ஒரு குலத்தையே கையில் போட்டுக்கொள்வது இனி எளிதாக இல்லை. நம் வழக்கில் இந்த அன்டியோகிஸ் குலமே முக்கியமாக வரப்போகிறது.

கி.மு. 487-இலிருந்து ஆர்க்கன்கள் குலுக்கலில் தேர்வானார்கள். அந்தப் பதவியின் கனம் குறைந்தது. கி.மு. 462-இல் எபியால்டிஸ் என்ற அரசியல் தலைவர் ஆரியோபாகஸ் அவையின் அரசியல் அதிகாரத்தைப் பறித்து மக்கள் சபை, ஐந்நூற்றுவர் அவை, நடுவர் மன்றங்கள் ஆகியவற்றுக்குப் பிரித்துக் கொடுத்தார். அதற்காகக் கொலையும் செய்யப்பட்டார். அவருக்குப் பின் வந்த தலைவர் பெரிக்ளிஸ் நடுவர்களுக்குப் படி கொடுக்க வழிசெய்தார். கூலிக்காரனும் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு மன்றத்தில் உட்கார முடிந்தது.

ஒரு சாதாரண நாளில் ஆட்சி

பனிக்ஸ் குன்றில் கூடும் மக்கள் சபையில் வயது வந்த எந்தக் குடிமகனும் பேசலாம், கை உயர்த்தி வாக்களிக்கலாம். சில விஷயங்களுக்கு 6,000 பேர் வேண்டும். சபைக்கு வரும் ஒவ்வொரு தீர்மானமும் முதலில் ஐந்நூற்றுவர் அவையைக் கடந்து வர வேண்டும். குலத்துக்கு 50 பேர், 30 வயதுக்கு மேற்பட்டவர்கள், குலுக்கலில் தேர்வு, ஆயுளில் இரண்டு முறைக்கு மேல் கிடையாது. ஆண்டைப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு குலத்தின் 50 பேரும் தம் முறை வரும்போது தலைமைக் குழுவாக இருப்பார்கள். சபையில் எதை வாக்குக்கு விடுவது என்பது அவர்கள் கையில். அவர்களுக்குள் நாள்தோறும் குலுக்கிப் போட்டு ஒருவர் தலைவராவார். ஒரு பகல், ஓர் இரவு, அவ்வளவுதான் பதவி.

குலுக்கல் செல்லாத இடம் படை. ஆண்டுதோறும் 10 தளபதிகள் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி நிற்கலாம். அந்த உயரத்துக்கு விலையும் இருந்தது. எல்லா அதிகாரிகளையும் போலத் தளபதியும் பதவி முடிந்ததும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். பதவிக் காலத்தின் நடுவிலேயே சபை அவரை நீக்கவும் முடியும்.

நீதிமன்றங்களுக்கு ஆண்டுக்கு 6,000 நடுவர்கள். தொழில்முறை நீதிபதியோ அரசு வழக்கறிஞரோ கிடையாது. பேச்சு நேரம் நீர்க்கடிகாரத்தால் அளக்கப்பட்டது. அகோரா என்ற சந்தைத் திடலின் அகழாய்வில் கிடைத்த ஒரு மண் கடிகாரத்தில் அன்டியோகிஸ் குலத்தின் பெயரே பொறிக்கப்பட்டிருக்கிறது; அதிலுள்ள தண்ணீர் வடிய சுமார் 6 நிமிடம் ஆகிறது. இரு தரப்புக்கும் சமமான தண்ணீர் என்பது அந்த மன்றங்களில் நீதியின் தொடக்கப் புள்ளி.

இன்னொரு தடையும் கி.மு. 415 வாக்கில் புழக்கத்துக்கு வந்துவிட்டது. சபையில் ஒரு தீர்மானம் சட்டத்துக்கு முரணானது என்று எந்தக் குடிமகனும் உறுதிமொழியோடு ஆட்சேபிக்கலாம். அப்படி ஆட்சேபித்தால் நடுவர் மன்றம் விசாரித்து முடிவு சொல்லும்வரை அந்தத் தீர்மானம் நின்றுவிடும். ஆட்சியைப் பிடிக்க முயன்றவர்கள் இதன் வலிமையை நன்கு அறிந்திருந்தார்கள். கி.மு. 411-இல் நானூறு பேர் கொண்ட குழு மக்களாட்சியைக் கவிழ்த்தபோது முதல் வேலையாக இந்த ஆட்சேப உரிமையைத்தான் நீக்கச் செய்தது.

இத்தனையும் குடிமக்களுக்கு மட்டும் என்பதை விட்டுவிட்டுப் பேசக்கூடாது. பெண்களுக்கும், பல தலைமுறையாக அங்கேயே வாழ்ந்த வெளியூர்க்காரர்களுக்கும், லாரியோன் வெள்ளிச் சுரங்கத்தில் உழைத்துச் செத்த அடிமைகளுக்கும் சபையில் இடமில்லை. கி.மு. 451-இல் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டம் வாசலை இன்னும் குறுக்கியது: தாய், தந்தை இருவரும் ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. அந்தச் சட்டம் அவர் வீட்டுக்கே வந்தது. முறைப்படி பிறந்த மகன்கள் இருவரும் கொள்ளைநோயில் இறந்தபின், மிலேட்டஸைச் சேர்ந்த அஸ்பாசியாவுக்குப் பிறந்த மகனுக்கு விலக்கு கேட்டார், மக்கள் கொடுத்தார்கள். தந்தையின் பெயரையே தாங்கிய அந்த இளைய பெரிக்ளிஸ், கி.மு. 406-இல் விசாரிக்கப்பட்ட தளபதிகளில் ஒருவர்.

கடலில் நடந்தது

ஸ்பார்ட்டாவோடு நடந்த போர் அப்போது 25 ஆண்டுகளை எட்டியிருந்தது. தளபதி கோனோன் தன் கப்பல்களோடு லெஸ்போஸ் தீவின் மிட்டிலேனே துறைமுகத்தில் அடைபட்டுக் கிடந்தார். ஏதென்ஸ் 30 நாளில் 110 கப்பல்களைத் திரட்டியது. துடுப்பு வலிக்க ஆள் போதாமல் அடிமைகளும் ஏற்றப்பட்டார்கள். அவர்களுக்கு விடுதலை வாக்களிக்கப்பட்டது. குதிரை வைத்திருக்கும் வசதி படைத்தவர்களும் கப்பல் ஏறினார்கள். நேச நாட்டுக் கப்பல்களும் சேர 150-க்கு மேல் ஆனது. எதிரே 120. ஸ்பார்ட்டா தரப்பு 70-க்கும் மேற்பட்ட கப்பல்களை இழந்தது. அதன் தளபதி காலிக்ராடிடஸ் கடலில் விழுந்து இறந்தார். ஏதென்ஸ் இழந்தது 25 கப்பல்கள். ஒரு கப்பலில் சுமார் 200 பேர். உடைந்த கப்பல்களைப் பற்றிக்கொண்டு எத்தனையோ பேர் மிதந்துகொண்டிருந்தார்கள்.

தளபதிகள் கூடிப் பேசினார்கள். எல்லோரும் போய் மிதப்பவர்களை மீட்போம் என்றார் டியோமெடோன். எல்லோரும் மிட்டிலேனேவுக்குப் போய் எதிரியை முடிப்போம் என்றார் எராசினிடஸ். பிரித்துச் செய்யலாம் என்றார் திராசில்லஸ்; அதுவே முடிவானது. 47 கப்பல்களோடு மீட்புப் பணி, தெரமெனிஸ், திராசிபுலஸ் என்ற இரு கப்பல் தலைவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்குள் புயல் எழுந்தது. மீட்பும் நடக்கவில்லை, தாக்குதலும் நடக்கவில்லை.

ஊருக்கு எழுதிய கடிதத்தில் தளபதிகள் புயலை மட்டும் காரணமாகச் சொன்னார்கள். மீட்பு வேலை யாரிடம் கொடுக்கப்பட்டது என்பதை எழுத வேண்டாம் என்று இளைய பெரிக்ளிஸும் டியோமெடோனும் மற்றவர்களைத் தடுத்தார்கள். சக வீரர்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற நல்லெண்ணம். பின்னர் தெரமெனிஸ் சபையில் எழுந்து அந்தக் கடிதத்தையே காட்டி, "இவர்கள் வேறு யார்மேலும் குற்றம் சொல்லவில்லையே" என்று வாதாடினார். என்னைப் பொறுத்தவரை இந்த வழக்கில் மன்னிக்கவே முடியாத செயல் இதுதான்.

விசாரணை

முதல் கூட்டத்தில் சட்டம் அனுமதித்த நேரம் தளபதிகளுக்குத் தரப்படவில்லை. ஆனாலும் அவர்களுடைய சுருக்கமான பேச்சும், மாலுமிகளின் சாட்சியமும் சபையை அவர்கள் பக்கம் சாய்த்தன. ஜாமீன் கொடுக்கப் பலர் எழுந்தார்கள். பொழுது சாய்ந்து உயர்த்திய கைகள் தெரியாமல் போனதால் முடிவு தள்ளிவைக்கப்பட்டது. எப்படி விசாரிப்பது என்று ஐந்நூற்றுவர் அவை திட்டம் கொண்டுவரட்டும் என்றார்கள்.

இடையில் அபடூரியா திருவிழா வந்தது. உறவினர் எல்லாம் ஒன்றுகூடும் திருவிழா அது. எந்தெந்த வீட்டில் யார் இல்லை என்பது அன்றுதான் கண்ணில் அறையும். தலை மழித்து, கருப்பு உடுத்தியவர்கள் சபைக்குத் திரளாக வந்தார்கள். அவர்களைத் தெரமெனிஸின் ஆட்களே ஏற்பாடு செய்தார்கள் என்கிறார் இந்த விசாரணையை விரிவாகப் பதிவு செய்த செனோபோன். அவர் மக்களாட்சியை விரும்பியவர் அல்லர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். அந்தத் துக்கம் நடிப்பாக இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. உடல் கிடைக்காமல், சடங்கு செய்ய முடியாமல் போன குடும்பங்கள் ஊர் முழுக்க இருந்தன.

அவையிலிருந்து காலிக்ஸெனஸ் கொண்டுவந்த தீர்மானம் இது: இரு தரப்பையும் கேட்டாகிவிட்டது, இனி வாக்கெடுப்பு மட்டும். குலத்துக்கு இரண்டு பானைகள், குற்றவாளி என்போர் முன் பானையில், இல்லை என்போர் பின் பானையில் போடட்டும். எட்டுப் பேருக்கும் ஒரே வாக்கு. தண்டனை மரணம், சொத்து பறிமுதல். அவசரத்தை வடிகட்டுவதற்கென்று இருந்த ஐந்நூற்றுவர் அவையே சட்டமீறலைத் தீர்மானமாக்கி அனுப்பியது. முதல் தடை உடைந்தது சபையில் அல்ல, அதற்கு முன்பே.

ஒருவன் முன்வந்து, மாவுத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு மிதந்து பிழைத்ததாகவும், மூழ்கியவர்கள் 'நாட்டுக்காக உழைத்தவர்களைத் தளபதிகள் கைவிட்டார்கள் என்று ஊரில் சொல்' என்று கேட்டுக்கொண்டதாகவும் சொன்னான்.

யூரிப்டோலெமஸ் எழுந்தார். இளைய பெரிக்ளிஸின் உறவினர் அவர். தீர்மானம் சட்டத்துக்கு முரணானது என்று முறைப்படி ஆட்சேபித்தார், சிலர் ஆதரித்தார்கள். மக்கள் விரும்பியதைச் செய்ய விடாமல் தடுப்பது கொடுமை என்று கூட்டம் கத்தியது. ஆட்சேபிப்பவர்களையும் தளபதிகளோடு சேர்த்து அதே வாக்கில் தண்டிக்கலாம் என்று லிசிஸ்கஸ் என்பவர் சொல்ல, கூட்டம் ஆரவாரித்தது. ஆட்சேபம் திரும்பப் பெறப்பட்டது. இரண்டாவது தடையும் போயிற்று.

மூன்றாவது தடை தலைமைக் குழு. அன்று முறை அன்டியோகிஸ் குலத்தினுடையது. சட்டவிரோதமான தீர்மானத்தை வாக்குக்கு விட முடியாது என்று அவர்களில் சிலர் மறுத்தார்கள். அவர்களையும் சேர்த்துத் தண்டிப்போம் என்ற மிரட்டல் மறுபடி எழுந்தது. ஒருவரைத் தவிர எல்லோரும் பணிந்தார்கள். அலோபெக்கே ஊர்ப்பிரிவைச் சேர்ந்த சோஃப்ரோனிஸ்கஸின் மகன் சாக்ரடீஸ் மட்டும், சட்டப்படி அல்லாமல் எதையும் செய்யமாட்டேன் என்றார். அப்போது அவருக்கு அறுபது வயதுக்கு மேல். குலுக்கலில் வந்த பதவி. அவர் அதைத் தேடிப் போகவும் இல்லை.

யூரிப்டோலெமஸ் விட்டுவிடவில்லை. அவர் சபையிடம் கருணை கேட்கவில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மக்களுக்குத் துரோகம் செய்தவர்களுக்கு மரண தண்டனை விதிக்கும் கன்னோனஸ் தீர்மானம் என்ற கடுமையான சட்டத்தின் கீழேயே விசாரியுங்கள், முதலில் என் உறவினன் பெரிக்ளிஸையே விசாரியுங்கள் என்றார். ஆனால் ஒவ்வொருவரையும் தனித்தனியாக. ஒரு பகலை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கு கூடி வாக்களிக்க, ஒரு பங்கு குற்றம் சாட்ட, ஒரு பங்கு பதில் சொல்ல. மக்களாட்சியைக் கவிழ்த்து ஓய்னோயே கோட்டையை எதிரியிடம் விட்டுக்கொடுத்த அரிஸ்டார்கஸுக்கே தன் பக்கத்தைச் சொல்ல ஒரு நாள் கொடுத்தீர்களே என்று நினைவூட்டினார். தளபதிகளில் ஒருவர் தானே மூழ்கும் கப்பலிலிருந்து பிழைத்தவர், தன்னையே மீட்க ஆளில்லாதிருந்தவர் பிறரை மீட்கவில்லை என்று சாக வேண்டுமா என்றும் கேட்டார்.

கை உயர்த்தச் சொன்னபோது முதலில் வென்றது யூரிப்டோலெமஸின் முன்மொழிவு. இது பெரும்பாலான சுருக்கக் கதைகளில் விடுபட்டுப்போகும் செய்தி. வெறிகொண்டதாகச் சொல்லப்படும் அதே கூட்டத்தில் பெரும்பான்மையினர், ஒரு கணம் சட்டத்தின் பக்கம் நின்றார்கள். மெனெக்ளிஸ் என்பவர் உறுதிமொழியோடு ஆட்சேபித்தார், மறுவாக்கெடுப்பு நடந்தது, இந்த முறை அவையின் தீர்மானம் வென்றது. சட்டத்தைக் காக்க எழுந்த ஆட்சேபம் மிரட்டலில் அடங்கியது, சட்டத்தை மீற எழுந்த ஆட்சேபம் ஏற்கப்பட்டது. பானைகள் வைக்கப்பட்டன.

வெற்றிக்காக நாம் நேர்ந்துகொண்டதைத் தெய்வங்களுக்குச் செலுத்திவிடுங்கள் என்று டியோமெடோன் சாகும்முன் மக்களிடம் கேட்டுக்கொண்டதாகப் பிற்கால வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதுகிறார்.

பிறகு

விரைவிலேயே சபை மனம் மாறியது. மக்களை ஏமாற்றியதாகக் காலிக்ஸெனஸ் மேலும் வேறு நால்வர் மேலும் வழக்குத் தொடரத் தீர்மானித்தது. அடுத்து வந்த குழப்பத்தில் அவர்கள் தப்பிவிட்டார்கள். பின்னர் ஊர் திரும்பிய காலிக்ஸெனஸ் எல்லோராலும் வெறுக்கப்பட்டுப் பட்டினியில் இறந்தார். கி.மு. 405-இல் ஈகோஸ்பொட்டமி கடற்கரையில் ஏதென்ஸின் கப்பற்படை அழிந்தது. மறு ஆண்டு நகரம் சரணடைந்தது. ஸ்பார்ட்டாவின் நிழலில் ஆட்சிக்கு வந்த முப்பது பேர், சுமார் 1,500 பேரைக் கொன்றார்கள். சபை பழிவாங்கியது ஆறு பேரை என்றால், சபையே இல்லாத சில மாதங்களின் கணக்கு இது. தெரமெனிஸும் அந்த முப்பது பேரில் ஒருவராக இருந்து, அவர்கள் கையாலேயே செத்தார்.

கி.மு. 403-இல் திராசிபுலஸின் தலைமையில் மக்களாட்சி மீண்டது. பழைய பகையைக் கிளறுவதில்லை என்று இரு தரப்பும் சத்தியம் செய்தன. அதோடு நிற்காமல் அரசமைப்பையே திருத்தினார்கள். எழுதப்படாத சட்டத்தை எந்த அதிகாரியும் பயன்படுத்தக் கூடாது. அவையின் தீர்மானமோ சபையின் தீர்மானமோ சட்டத்தை மிஞ்சாது. எல்லோருக்கும் பொருந்தாத சட்டத்தைத் தனி ஒருவர் மேல் இயற்ற வேண்டுமானால் 6,000 பேர் ரகசிய வாக்களிக்க வேண்டும். நிரந்தரச் சட்டம் இயற்றும் வேலை சபையிடமிருந்து எடுக்கப்பட்டு, நடுவர்களாக உறுதிமொழி எடுத்தவர்களிலிருந்து அமைக்கப்படும் சட்டக் குழுவிடம் போனது. சபை அன்றாடத் தீர்மானங்களை மட்டும் போடும். சபைக்கு வருவோருக்கும் படி கொடுக்கப்பட்டது.

இந்த மாற்றங்கள் ஆர்கினுசே வழக்கு ஒன்றால் மட்டும் வந்தவை என்று சொல்ல மாட்டேன். கி.மு. 411-இல் சபை தன்னையே கலைக்க வாக்களித்ததும், முப்பது பேரின் கொடுமையும் அவர்கள் மனத்தில் இருந்தன. ஆனால் தனி ஒருவர் மேல் சட்டம் என்ற விதியையும், தீர்மானம் சட்டத்தை மிஞ்சாது என்ற விதியையும் படிக்கும்போது, அந்தப் பானைகள் கண்முன் வராமல் இருப்பதில்லை.

கி.மு. 399-இல் அதே சாக்ரடீஸ் நடுவர் மன்றத்தின் முன் நின்றார். தனி விசாரணை, அளந்த நேரம், குற்றமும் தண்டனையும் தனித்தனி வாக்கெடுப்பு என்று எல்லாம் முறைப்படி நடந்தன. 30 வாக்குகள் இடம் மாறியிருந்தால் விடுதலை ஆகியிருப்பார். ஒரு தடையும் உடைக்கப்படாமலே அவர் இறந்தார். ஆர்கினுசே வழக்கைக் காட்டி நடைமுறையைப் போற்றும் எவரும் இந்த வழக்கையும் பக்கத்தில் வைத்துத்தான் பேச வேண்டும். நடைமுறை அவருக்குத் தந்தது பேசும் உரிமை. தளபதிகளுக்குக் கிடைக்காமல் போனது அதுதான்.

திருத்தப்பட்ட அந்த ஆட்சிமுறை சுமார் 80 ஆண்டுகள் நடந்தது. அதற்குள் ஒரு முறைகூட உள்ளிருந்து அது கவிழ்க்கப்படவில்லை. கி.மு. 322-இல் மாசிடோனியாவிடம் தோற்றபின் தளபதி அன்டிபேட்டர், 2,000 டிராக்மா சொத்து உள்ளவருக்கே வாக்குரிமை என்று விதித்தார். 12,000-க்கும் மேற்பட்டோர் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.